இரு அணியிலும் ஒரே நேரத்தில்: 1915இல் இத்தாலி போரில் இறங்கிய விதம்

1915 ஏப்ரல் 26ஆம் தேதி லண்டனில் கையெழுத்தான ஓர் இரகசிய ஒப்பந்தத்தில், பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய மூன்று நேசநாடுகளின் பக்கம் நின்று ஒரு மாதத்துக்குள் முதலாம் உலகப் போரில் இறங்குவதாக இத்தாலி வாக்குக் கொடுத்தது. ஜெர்மனியுடனும் ஆஸ்திரியா-ஹங்கேரியுடனும் 1882 முதல் தனக்கிருந்த முக்கூட்டு உடன்படிக்கை முடிந்துவிட்டதாக வியன்னாவுக்கு அது தெரிவித்ததோ மே 4ஆம் தேதிதான். இடைப்பட்ட ஒரு வாரத்துக்குச் சற்று மேலான காலத்தில், ஒன்றையொன்று வீழ்த்தப் போரிட்டுக்கொண்டிருந்த இரு அணிகளோடும் இத்தாலி ஒப்பந்தத்தால் கட்டுண்டிருந்தது.

இதை வியன்னாவும் பெர்லினும் துரோகம் என்றன. ரோமாபுரி நகரின் தெருக்களில் கூடியவர்கள் தேசிய விடுதலையின் கடைசிக் கட்டம் என்றார்கள். நடந்தது என்ன என்பதை அறிய இரண்டு பெயர்களுமே உதவுவதில்லை. முக்கூட்டிலிருந்து விலகி நின்றது ஒரு முடிவு, எதிரணியில் சேர்ந்தது வேறொரு முடிவு. 1914 ஆகஸ்டில் எடுக்கப்பட்ட முதல் முடிவுக்கு ஒப்பந்தத்தின் வாசகத்திலேயே நியாயம் இருந்தது. எட்டு மாதம் கழித்து எடுக்கப்பட்ட இரண்டாவது முடிவோ, விலையைக் கணக்கிட்ட அளவுக்குச் செலவைக் கணக்கிடாத ஒரு சிலரால், நாட்டுக்கும் நாடாளுமன்றத்துக்கும் தெரியாமல் எடுக்கப்பட்டது. இந்த ஆய்வு அந்த இரண்டாவது முடிவைப் பற்றியதே. ஆனால் முதலாவதைத் தொடாமல் அதற்குப் போக வழியில்லை.

முப்பது ஆண்டுச் சங்கடம்

1881இல் பிரான்ஸ் துனீசியாவைக் கைப்பற்றியபோது, அந்த மண்ணின்மேல் கண் வைத்திருந்த இத்தாலி தனித்துவிடப்பட்டதாக உணர்ந்தது. அந்த அச்சமும் கசப்பும்தான் 1882 மே 20ஆம் தேதி அதை ஜெர்மனியிடமும் ஆஸ்திரியாவிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தன. உடன்படிக்கை தற்காப்பு சார்ந்தது. கூட்டாளி ஒருவர், தம் தரப்பில் எந்தத் தூண்டுதலும் இல்லாதபோது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வல்லரசுகளால் தாக்கப்பட்டால் மற்றவர்கள் துணைக்கு வரவேண்டும் என்பதே அதன் சாரம். இந்த உடன்படிக்கை ஒருபோதும் பிரிட்டனுக்கு எதிரானதாகக் கருதப்படலாகாது என்று இத்தாலி தொடக்கத்திலேயே ஓர் அறிவிப்பையும் சேர்த்துவைத்தது. நீண்ட கடற்கரையும், வெளிநாட்டு நிலக்கரியை நம்பிய தொழிற்சாலைகளும் கொண்ட நாட்டுக்கு அந்த எச்சரிக்கை தேவையாகவே இருந்தது.

சங்கடம் என்னவென்றால், இத்தாலி மொழி பேசும் மக்கள் வாழ்ந்த திரெந்தினோவும் திரியெஸ்தே துறைமுகமும் கூட்டாளியான ஆஸ்திரியாவின் கையிலேயே இருந்தன. தேசியவாதிகள் 'மீட்கப்படாத நிலங்கள்' என்று அழைத்த பகுதிகள் இவை. பகை இருக்கவேண்டிய இடத்தில் நட்பு ஒப்பந்தம் ஒன்று உட்கார்ந்திருந்தது. 1911இல் இத்தாலி லிபியாவில் துருக்கியோடு போரிட்டுக்கொண்டிருந்தபோது, இதுதான் தருணம், அதன் முதுகில் அடிக்கலாம் என்று வாதிட்டவர் வேறு யாருமல்ல, ஆஸ்திரியப் படையின் தலைமைத் தளபதி கொன்ராட். அந்த வாதத்துக்காக அவர் அப்போது பதவி இழந்தார். ஓராண்டுக்குப் பின் அதே பதவிக்குத் திரும்பவும் அழைக்கப்பட்டார். இத்தாலியும் சும்மா இருக்கவில்லை. பிரான்ஸ் தாக்கப்பட்டால் நடுநிலை வகிப்பதாக 1902இலேயே அந்நாட்டுக்குத் தனியாக உறுதி கொடுத்திருந்தது. 1909இல் ரக்கோனீஜியில் ரஷ்யாவோடும் பால்கன் குறித்து ஓர் இணக்கம் செய்துகொண்டது. சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால் என்ற நிலை 1915இல் புதிதாக வந்ததல்ல.

பிற்பாடு எல்லாவற்றுக்கும் அச்சாணியாக அமைந்தது உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு. பால்கன் பகுதியில் நிலவும் நிலையை ஆஸ்திரியாவோ இத்தாலியோ மாற்ற நேர்ந்தால், மற்றவரோடு முன்கூட்டியே கலந்து பேசி, அவருக்கு ஈடு கொடுக்க உடன்பட்ட பிறகே மாற்றலாம் என்றது அது. 1908இல் போஸ்னியாவை இணைத்துக்கொண்டபோது ஆஸ்திரியா ஈடு எதுவும் தரவில்லை. அந்தக் கசப்பு ரோமில் ஆறவே இல்லை. ஆயினும் 1912 டிசம்பரில் உடன்படிக்கை மீண்டும் புதுப்பிக்கப்பட்டது.

1914 ஆகஸ்ட் 2

ஜூலை 23ஆம் தேதி செர்பியாவுக்கு ஆஸ்திரியா விடுத்த இறுதி எச்சரிக்கை பற்றி இத்தாலியிடம் யாரும் கலந்தாலோசிக்கவில்லை. ரோமுக்குத் தெரிந்தால் இரகசியம் கசிந்துவிடும், ஈடும் கேட்பார்கள் என்பது வியன்னாவின் கணக்கு. வெளியுறவு அமைச்சர் சான் ஜூலியானோவுக்கு இது வாதத்தைக் கையில் எடுத்துக் கொடுத்ததுபோல் ஆயிற்று. போரைத் தொடங்கியது ஆஸ்திரியா. எனவே தற்காப்பு உடன்படிக்கை செயலுக்கு வராது. முன்கூட்டிப் பேசவில்லை, எனவே 7ஆம் பிரிவு மீறப்பட்டிருக்கிறது. ஆகஸ்ட் 2ஆம் தேதி பிரதமர் சலாந்திராவின் அமைச்சரவை நடுநிலையைத் தீர்மானித்தது; மறுநாள் அது அறிவிக்கப்பட்டது. பிரிட்டன் எதிரணியில் சேரப்போவது அநேகமாகத் தெரிந்திருந்த நிலையில், ஜிப்ரால்டர் வழியாக வரும் தானியமும் பிரிட்டனிலிருந்து வரும் நிலக்கரியும் நின்றுபோகும் ஒரு போரில் இத்தாலி எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும் என்ற கேள்விக்கு யாரிடமும் ஆறுதலான பதில் இல்லை.

அதே நாளில் நடந்த இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முன் இறந்த பொல்லியோவுக்குப் பதிலாகத் தலைமைத் தளபதி ஆகியிருந்த கதோர்னா, பிரான்சுக்கு எதிராக ஜெர்மனிக்கு உதவ ரைன் முனைக்கு இயன்ற அளவு படைகளை அனுப்பும் திட்டம் ஒன்றை ஜூலை 31ஆம் தேதி மன்னருக்கு அனுப்பியிருந்தார். மன்னர் விட்டோரியோ இம்மானுவேல் அதற்கு ஒப்புதல் கொடுத்தது ஆகஸ்ட் 2ஆம் தேதி. அமைச்சரவை நடுநிலை என்று முடிவெடுத்த அன்றே படைத்தலைமை கூட்டாளிக்காகப் போரிட அனுமதி பெற்றுவிட்டது. ஒரு கைக்கு மறு கை செய்வது தெரியாத இந்த நிர்வாகத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு நடந்தவை அவ்வளவு வியப்பளிக்கமாட்டா.

இரண்டு மேசைகள்

அக்டோபரில் சான் ஜூலியானோ காலமானார். அந்நாட்களில் சலாந்திரா ஆற்றிய ஓர் உரையில், அரசின் கொள்கை நாட்டுக்கான 'புனிதத் தன்னலம்' ஒன்றே என்று சொன்னார். ஐரோப்பியத் தலைநகரங்கள் அந்தச் சொல்லில் 'தன்னலம்' என்பதை மட்டுமே கேட்டன. நவம்பரில் வெளியுறவுப் பொறுப்புக்கு சிட்னி சொன்னீனோ வந்தார். அதிகம் பேசாதவர், ஒப்பந்தத்தின் எழுத்தில் பிடிவாதமானவர். ஆகஸ்டில் கூட்டாளிகளோடு சேர்ந்தே போரிட வேண்டும் என்று கருதிய இந்த மனிதரே, எதிரணியில் சேரும் ஒப்பந்தத்தை வரி வரியாகச் செதுக்கினார் என்பது இந்த வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

1914 டிசம்பர் 9ஆம் தேதி, செர்பியாவுக்குள் ஆஸ்திரியப் படை நுழைந்ததைக் காரணம் காட்டி, 7ஆம் பிரிவின்படி ஈடு பற்றிப் பேச வேண்டும் என்று சொன்னீனோ வியன்னாவுக்கு எழுதினார். இத்தாலியைக் கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள ஜெர்மனி தன் முன்னாள் பிரதமர் பியூலோவையே ரோமுக்குத் தூதராக அனுப்பியது. அவர் மனைவி இத்தாலியப் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ரோமில் சொந்த மாளிகையும் உண்டு. நகரத்தின் அரசியல்வாதிகள் பலரையும் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர். ஆனால் அவர் தரக்கூடியதெல்லாம் அடுத்தவரின் நிலம். ஆஸ்திரியா தயங்கியதற்கு அதன் பார்வையில் காரணம் இருந்தது. இத்தாலி மொழி பேசுகிறார்கள் என்பதற்காக திரெந்தினோவை விட்டுக்கொடுத்தால், ருமேனியா திரான்சில்வேனியாவைக் கேட்கும். பல இனங்களைக் கொண்ட பேரரசு தன்னைத் தானே பிரித்துக் கொடுக்கும் கொள்கையை ஒப்புக்கொண்டதாகிவிடும். 1915 மார்ச்சில்தான், ஜெர்மனியின் அழுத்தத்தால், ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் புரியான் நிலம் கொடுப்பதைக் கொள்கையளவில் ஏற்றார். அப்போதும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது: போர் முடிந்த பிறகு ஒப்படைப்போம் என்றது வியன்னா, இப்போதே ஒப்படைக்க வேண்டும் என்றது ரோம். சொன்னீனோவின் பிடிவாதம் இந்த இடத்தில் நியாயமானதே. போரில் வென்ற ஆஸ்திரியா, போருக்கு முன் மிரட்டலின்கீழ் கொடுத்த வாக்கை நிறைவேற்றும் என்று நம்ப எவருக்கும் காரணமில்லை.

மற்ற மேசை லண்டனில் இருந்தது. மார்ச் 4ஆம் தேதி இத்தாலியத் தூதர் இம்பெரியாலி, 16 நிபந்தனைகள் கொண்ட பட்டியலை பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கிரேயிடம் கொடுத்தார். அந்தத் தேதி தற்செயலானதல்ல. பிப்ரவரி 19ஆம் தேதி தார்தனெல்ஸ் நீரிணைமீது நேசநாடுகளின் கடற்படை குண்டுவீச்சைத் தொடங்கியிருந்தது. துருக்கி விழுந்தால் கிழக்கு மத்தியதரைக் கடலில் பங்கு பிரிக்கும்போது இத்தாலி இல்லாமல் போய்விடும் என்ற பதற்றம் ரோமைப் பிடித்துக்கொண்டது. மார்ச் 22ஆம் தேதி ஆஸ்திரியாவின் பிரெமிசில் கோட்டை ரஷ்யரிடம் விழுந்தபோது, ஆஸ்திரியா சரிந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணம் உறுதிப்பட்டது. பேச்சு இழுபட்டது ரஷ்யாவால். ஏட்ரியாட்டிக் கடலின் கீழைக் கரையிலுள்ள டால்மேஷியாவில் பெரும்பான்மையோர் ஸ்லாவியர். அதை இத்தாலிக்குக் கொடுப்பது, எந்தச் செர்பியாவுக்காகப் போர் தொடங்கியதோ அந்தச் செர்பியாவின் எதிர்காலத்தை விற்பதாகும் என்று ரஷ்ய வெளியுறவு அமைச்சர் சசோனோவ் வாதிட்டார். முடிவில் கரை பங்கிடப்பட்டது. அந்தப் பேச்சில் செர்பியாவுக்கு இருக்கை போடப்படவில்லை.

ஏப்ரல் 8ஆம் தேதி சொன்னீனோ வியன்னாவுக்கும் ஒரு கோரிக்கைப் பட்டியலை எழுதினார். திரெந்தினோ, இசொன்சோ ஆற்றுப் பகுதியில் கொரீசியா உள்ளிட்ட நிலம், திரியெஸ்தேவுக்குத் தனி அரசு, சில தீவுகள், அல்பேனியாவின் வலோனா துறைமுகம் என அது நீண்டது. லண்டனில் பேச்சு முடியும் தறுவாயில் எழுதப்பட்ட இந்தப் பட்டியல், ஏற்கப்படும் என்ற எதிர்பார்ப்போடு எழுதப்பட்டதாகத் தோன்றவில்லை. ஏப்ரல் 16ஆம் தேதி வியன்னா முக்கியமான கோரிக்கைகளை மறுத்தது.

வாங்கியதும் விட்டதும்

லண்டன் ஒப்பந்தம் இத்தாலிக்கு வாக்களித்தவை இவை: திரெந்தினோவும், பிரென்னர் கணவாய் வரையிலான தெற்குத் திரோலும், திரியெஸ்தே, கொரீசியா, இஸ்ட்ரியா, டால்மேஷியாவின் வடபகுதி, அதையொட்டிய தீவுகள், வலோனா, ஏற்கெனவே கையிலிருந்த தோதெக்கனீஸ் தீவுகளின் முழு உரிமை. துருக்கி பங்கிடப்பட்டால் அதாலியா பக்கம் ஒரு பகுதியும், ஜெர்மனியின் ஆப்பிரிக்கக் காலனிகளை பிரிட்டனும் பிரான்சும் எடுத்துக்கொண்டால் ஏதோ ஓர் ஈடும் கிடைக்கும். போப்பாண்டவரின் தூதர்களைச் சமாதானப் பேச்சில் சேர்க்கலாகாது என்ற இத்தாலியின் வேண்டுகோளும் ஒரு பிரிவாக எழுதப்பட்டது. வத்திக்கானோடு தீராத தகராறு இருந்த அரசுக்கு அது சிறிய விஷயமல்ல.

'மீட்கப்படாத நிலங்கள்' என்ற முழக்கத்தோடு இந்தப் பட்டியலை ஒப்பிட்டால், பிரென்னர் எல்லைக்குள் வந்தவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜெர்மன் மொழி பேசுபவர்கள் என்பதும், டால்மேஷியாவில் இத்தாலியர் சிறுபான்மையினர் என்பதும் கண்ணில் படும். சொன்னீனோ கேட்டது இன எல்லையை அல்ல. மலை முகட்டிலும் கடற்கரையிலும் அமைந்த பாதுகாப்பு எல்லையை. வினோதம் என்னவென்றால், இத்தாலியர் கணிசமாக வாழ்ந்த ஃபியூமே நகரத்தை அவர் கேட்கவே இல்லை. ஒப்பந்தத்தின் குறிப்பு அதைக் குரோவேஷியாவுக்கென்று ஒதுக்கியது.

பணத்தைப் பற்றிய பிரிவுதான் என் பார்வையில் இந்த ஆவணத்தின் மிக வெளிப்படையான வரி. லண்டன் சந்தையில் குறைந்தது 5 கோடி பவுண்ட் கடன் பெற பிரிட்டன் வழி செய்யும் என்றது அது. பெரும்போர் ஒன்றுக்கு அது அற்பத் தொகை. சில மாதங்களில் முடியும், கோடைக்காலப் படையெடுப்பு ஒன்று போதும் என்று எண்ணியவர்கள்தான் அப்படி ஓர் எண்ணை எழுதியிருக்க முடியும். மாற்றான்வலியும் துணைவலியும் தூக்கிப் பார்க்கப்பட்டன. லிபியப் போரில் கிடங்குகள் காலியான, இயந்திரத் துப்பாக்கியும் பெரும் பீரங்கியும் போதாத படையின் தன்வலி அந்தத் தராசில் ஏறவே இல்லை.

கையெழுத்தான ஆறாவது நாளே அடிப்படை நகர்ந்தது. மே 2ஆம் தேதி கோர்லிட்சே-தார்னோவ் பகுதியில் ஜெர்மன், ஆஸ்திரியப் படைகள் ரஷ்ய முனையை உடைத்தன. ஆஸ்திரியா தன் முழு பலத்தையும் இத்தாலிமேல் திருப்பாதபடி ரஷ்யா குறைந்தபட்சப் படையை நிறுத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தின் முதல் பிரிவு சொன்னது. அந்த ரஷ்யப் படையோ பின்வாங்கிக்கொண்டிருந்தது. தார்தனெல்ஸிலும் நேசநாடுகள் கரையோரத்திலேயே சிக்கிக்கொண்டன. இத்தாலியின் வருகைக்கு நேசநாடுகள் மிக அதிக விலை கொடுக்கத் தயாராயிருந்த நேரம் எதுவோ, அதுவே இத்தாலி இறங்குவதற்கு மிக ஆபத்தான நேரமாகவும் அமைந்தது.

நாட்டை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவருதல்

ஏப்ரலில் சலாந்திரா மாவட்ட ஆட்சித் தலைவர்களிடம் மக்களின் மனநிலையைப் பற்றி இரகசிய அறிக்கை கேட்டிருந்தார். பெரும்பாலான மாவட்டங்களிலிருந்து வந்த பதில் ஒன்றே: கிராமத்து மக்களுக்குப் போரில் விருப்பமில்லை, வந்தால் வெள்ளம், வறட்சிபோல் ஏற்றுக்கொள்வார்கள். போப் பதினைந்தாம் பெனடிக்ட் போரை எதிர்த்தார். சோஷலிஸ்ட் கட்சியும் எதிர்த்தது. அக்கட்சியின் நாளேட்டு ஆசிரியராக இருந்த முசோலினி போருக்கு ஆதரவாகத் திரும்பி, 1914 நவம்பரில் சொந்த ஏடு தொடங்கி, கட்சியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்.

அரசமைப்பு என்ன சொன்னது? சார்டீனிய மன்னர் 1848இல் வழங்கி, பின்னர் ஒன்றுபட்ட இத்தாலியின் அரசமைப்பாக ஆன சாசனத்தின் 5ஆம் பிரிவின்படி, போர் அறிவிப்பதும் உடன்படிக்கை செய்வதும் மன்னரின் உரிமை. ஆனால் கருவூலத்துக்குச் சுமை ஏற்றும், அல்லது நாட்டின் எல்லையை மாற்றும் உடன்படிக்கைகள் நாடாளுமன்ற அவைகளின் இசைவு பெறாமல் செல்லாது என்றும் அதே பிரிவு சொன்னது. லண்டன் ஒப்பந்தம் இரண்டையும் செய்தது. கையெழுத்தானபோது அது மன்னர், சலாந்திரா, சொன்னீனோ, தூதர்கள் எனச் சிலர் மட்டுமே அறிந்த செய்தி. மார்ச் இறுதியில் ஒத்திவைக்கப்பட்ட நாடாளுமன்றம் மே வரை கூடவில்லை.

மே 9ஆம் தேதி முன்னாள் பிரதமர் ஜொலிட்டி ரோமுக்கு வந்தார். போரில்லாமலே பெருமளவு பெறமுடியும் என்று பிப்ரவரியில் பகிரங்கமாக எழுதியவர் அவர். 508 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மை அவருடையது. ஏறத்தாழ 300 உறுப்பினர்கள் அவர் வீட்டுக்குச் சென்று ஆதரவின் அடையாளமாகத் தங்கள் பெயர் அட்டைகளை வைத்துவிட்டு வந்தார்கள். அவை கூடினால் அரசு கவிழும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதே வேளையில் ஆஸ்திரியா தன் சலுகைகளைக் கூட்டி, பியூலோ வழியாக அரசியல் வட்டாரங்களில் பரப்பியது. இது தாமதமாக வந்தது மட்டுமல்ல, அந்நியத் தூதர் அரசை மீறிப் பேரம் பேசுகிறார் என்ற குற்றச்சாட்டுக்கும் இடம் கொடுத்தது. மே 13ஆம் தேதி சலாந்திரா பதவி விலகினார்.

பெரும்பான்மை கையிலிருந்தும் ஜொலிட்டி ஆட்சி அமைக்க மறுத்தார். மன்னரின் பெயரால் வாக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்பதை அவர் அப்போது அறிந்திருந்தார். அதை மீறினால் முடியாட்சியே ஆட்டம் காணும். பழைய அணியை முறித்தாயிற்று, புதிய அணியையும் ஏமாற்றினால் இத்தாலி யாருடைய நம்பிக்கையும் இல்லாத நாடாகும். இரகசிய ஒப்பந்தம் தன் எதிராளியின் கையைக் கட்டியது இப்படித்தான். தெருவில் வேறொரு அழுத்தம். மே 5ஆம் தேதி ஜெனோவா அருகே குவார்த்தோவில் இத்தாலியை ஒன்றிணைக்கப் போரிட்ட கரிபால்டியின் 'ஆயிரவர்' படையின் நினைவுச்சின்னத்தைத் திறந்துவைத்துப் பேசிய கவிஞர் தனுன்சியோ, 12ஆம் தேதி முதல் ரோமில் கூட்டத்தை ஜொலிட்டிக்கு எதிராக வெளிப்படையான வன்முறைக்குத் தூண்டினார்; 14ஆம் தேதி கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. 16ஆம் தேதி மன்னர் சலாந்திராவின் விலகலை ஏற்க மறுத்தார். கூட்டம் போரைக் கொண்டுவந்தது என்ற வழக்கமான சித்திரம் பாதி உண்மைதான். தெரு முழங்கத் தொடங்கியபோது கையெழுத்தின் மை உலர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

மே 20ஆம் தேதி அவை கூடியபோது உறுப்பினர்களுக்கு 'பச்சைப் புத்தகம்' ஒன்று வழங்கப்பட்டது. டிசம்பர் 9 முதல் மே 4 வரை வியன்னாவோடு நடந்த கடிதப் போக்குவரத்து அதில் இருந்தது. லண்டனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதைப் படித்தவருக்கு, பொறுமையாகக் கேட்டும் மறுக்கப்பட்ட நாடு வேறு வழியின்றிப் போருக்குப் போவதாகத்தான் தோன்றும். அரசுக்கு முழு அதிகாரம் வழங்கும் மசோதா 407க்கு 74 என்ற வாக்கில் நிறைவேறியது; எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் சோஷலிஸ்டுகள். பெயர் அட்டை வைத்த 300 பேரில் மிகப் பலர் ஆதரித்தே வாக்களித்தார்கள்.

ஒப்பந்தத்தின் பின்கதை

மே 23ஆம் தேதி போர் அறிவிக்கப்பட்டது, ஆஸ்திரியா-ஹங்கேரிமீது மட்டும். நேசநாடுகளின் எல்லா எதிரிகளோடும் போரிடுவதாக லண்டனில் ஒப்புக்கொண்டிருந்தும், ஜெர்மனிமீது இத்தாலி போர் அறிவித்தது 1916 ஆகஸ்டில்தான். புதிய கூட்டாளிகளும் இத்தாலியைச் சந்தேகத்தோடு பார்க்க இது ஒரு காரணமாயிற்று. இசொன்சோ ஆற்றங்கரையில் கதோர்னா 11 தாக்குதல்களை நடத்தி, அவற்றில் சில மைல்களே முன்னேறினார். 1917 அக்டோபர் 24ஆம் தேதி கபொரெத்தோவில் முனை உடைந்து, படை பியாவே ஆறு வரை பின்வாங்கியது. போர் முடிவதற்குள் இத்தாலி இழந்த வீரர்கள் சுமார் 6 லட்சம் பேர்.

1917 நவம்பரில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் ஜார் அரசின் இரகசிய ஆவணங்களோடு லண்டன் ஒப்பந்தத்தையும் வெளியிட்டார்கள். அதில் கையெழுத்திடாத அமெரிக்காவின் அதிபர் வில்சன், இத்தாலியின் எல்லைகள் இன அடிப்படையில் தெளிவாகத் தெரியும் கோடுகளில் அமைய வேண்டும் என்று 1918 ஜனவரியில் அறிவித்தார். 1919இல் பாரிஸ் மாநாட்டில் பிரதமர் ஓர்லாந்தோவும் சொன்னீனோவும் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு வாதங்களை ஒரே மூச்சில் வைத்தார்கள்: ஒப்பந்தத்தின்படி டால்மேஷியா வேண்டும், மக்கள் விருப்பத்தின்படி ஃபியூமே வேண்டும். ஏப்ரல் 24ஆம் தேதி ஓர்லாந்தோ மாநாட்டைவிட்டு வெளியேறினார். சில வாரங்களில் திரும்பி வந்தபோது பேச்சு அவருக்காகக் காத்திருக்கவில்லை. செப்டம்பரில் தனுன்சியோ ஆயுதக் குழுவோடு ஃபியூமேயைப் பிடித்துக்கொண்டார்.

கணக்கு 1920 நவம்பரில் ரப்பால்லோ உடன்படிக்கையில் முடிக்கப்பட்டது. பிரென்னர் வரையிலான நிலத்தை அதற்கு முன்பே சான் ஜெர்மேன் உடன்படிக்கை கொடுத்திருந்தது. திரியெஸ்தேயும் இஸ்ட்ரியாவும் இப்போது உறுதியாயின. டால்மேஷியாவில் ஸாரா நகரமும் சில தீவுகளும் மட்டும் மிஞ்சின. ஃபியூமே தனி அரசு என்று அறிவிக்கப்பட்டு, 1924இல் இத்தாலியோடு சேர்ந்தது. வலோனாவை அதே 1920இல் அல்பேனியருக்கு விட்டுவர நேர்ந்தது. அதாலியாவிலிருந்தும் பின்னர் படை திரும்பியது. ஆப்பிரிக்காவில் ஜெர்மன் காலனி எதுவும் கிடைக்கவில்லை. பிரிட்டன் பின்னர் ஜூபா ஆற்றுக்கு அப்பாலுள்ள ஒரு நிலப்பகுதியைக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947இல் செய்யப்பட்ட சமாதான உடன்படிக்கையில் இஸ்ட்ரியாவின் பெரும்பகுதி, ஃபியூமே, ஸாரா ஆகியவை யுகோஸ்லாவியாவுக்கும் தோதெக்கனீஸ் தீவுகள் கிரேக்கத்துக்கும் போயின. இத்தாலியரே பெரும்பான்மையாக இல்லாத பிரென்னர் எல்லை அவர்களிடமே நின்றது.